பிடி கொடுக்காத கண்ணாடி

கல்யாண நாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் கையால் வரைந்த பரிசு கொடுக்கும் பழக்கம் இப்போது நம்மிடையே நன்றாகவே பரவியிருக்கிறது. பெயரும் தேதியும் எழுதிய ஒரு ஜோடி கண்ணாடி டம்ளர், குழந்தையின் முகம் வரைந்த சிறு கேன்வாஸ், மல்லிகைக் கொடி படர்ந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மூன்றையும் வரைந்தது ஒரே கை, ஒரே தூரிகை, ஒரே அக்ரிலிக் டப்பா. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கேன்வாஸ் சுவரில் அப்படியே இருக்கிறது. டம்ளரில் எழுதிய பெயரில் பாதி, பாத்திரம் கழுவிய தண்ணீரோடு போய்விட்டது. வரைந்தவருக்கு வருத்தம், வாங்கியவருக்கு அதைவிட வருத்தம். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு பெயிண்டில் இருப்பதில்லை. பெயிண்டும் பரப்பும் சந்திக்கும் இடத்தில், சில மூலக்கூறுகளின் தடிமனே உள்ள ஓர் அடுக்கில் இருக்கிறது. படம் எத்தனை நாள் நிற்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது. தூரிகையை எடுக்கும் முன்பே அதில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

ஒரு பரப்பைப் பற்றிக்கொள்ள பெயிண்டுக்கு மேடுபள்ளம் வேண்டும், அல்லது வேதிப் பிணைப்பு வேண்டும். இரண்டும் இல்லையென்றால், மூலக்கூறுகளுக்கு இடையே எப்போதும் இருக்கும் மெல்லிய ஈர்ப்பை மட்டும் நம்பி நிற்க வேண்டும். அந்த ஈர்ப்பு மிகக் குறுகிய தூரத்தில்தான் வேலை செய்யும். ஏறக்குறைய ஒரு நானோமீட்டருக்குள் இரண்டும் நெருங்கியாக வேண்டும். நடுவே விரலின் எண்ணெய்ப் பசை ஒரு படலமாகக் கிடந்தால், பெயிண்ட் பற்றுவது அந்த எண்ணெயைத்தான். எண்ணெய் நகர்ந்தால் படமும் நகரும்.

நாம் புழங்கும் டம்ளரும் பாட்டிலும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. அதில் சுமார் 70 சதவீதம் சிலிக்கா. மீதியில் பெரும்பங்கு சோடியம், கால்சியம் ஆக்சைடுகள். உருகிய கண்ணாடி ஆறும்போது அதன் மேற்பரப்பு தானாகவே மட்டமாகிவிடுகிறது. நுண்துளை கிடையாது, எதையும் உறிஞ்சாது. மேடுபள்ளத்தில் வேர்விட்டு நிற்கும் வழி அதோடு அடைபட்டுப் போகிறது.

வேதியியல் வழி முழுதாக அடைபடவில்லை, ஆனால் அங்கே ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சிலிக்கான் அணுக்கள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சிலனால் எனப்படும் தொகுதிகளை உண்டாக்குகின்றன. சிலிக்கானோடு ஓர் ஆக்சிஜன், அதன் முனையில் ஒரு ஹைட்ரஜன். ஈரம் நன்கு பட்ட சிலிக்கா பரப்பில் ஒரு சதுர நானோமீட்டருக்குச் சுமார் 5 சிலனால்கள் இருக்கும். இவற்றுக்குத் தண்ணீரின் மேல் அலாதி ஆசை. ஹைட்ரஜன் பிணைப்பால் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உலர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் டம்ளரின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று எப்போதும் போர்த்தியிருக்கிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது இன்னும் கனமாகிறது.

கண்ணாடி சுத்தமாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்த ஆசையையே பயன்படுத்திக்கொள்ளலாம். டம்ளரை சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு முழுதும் போகும்வரை அலசி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் உடையாத ஒரே திரையாகப் படர்ந்து மெல்ல வழிந்தால் கண்ணாடி சுத்தம். சிலனால்கள் வெளியே தெரிகின்றன. ஓரிடத்தில் திரை கிழிந்து, தண்ணீர் பின்வாங்கி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது. அந்த இடத்தின் வடிவத்தை உற்றுப் பார்த்தால் பல நேரம் கட்டைவிரலின் நீள்வட்டம் தெரியும். டம்ளரைத் தூக்கிய கை அங்கே பட்டிருக்கும். படம் முதலில் உரியும் இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

கழுவிய பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை பஞ்சில்லாத துணியில் நனைத்துத் துடைத்து, அதன்பின் வரையும் பகுதியில் விரல் படாமல் பிடிக்க வேண்டும். கை சானிட்டைசரும் ஆல்கஹால்தானே என்று அதைத் தடவக் கூடாது. தோல் வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். ஆல்கஹால் பறந்துபோகும், கிளிசரின் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், எண்ணெய் பாட்டில் என்று வீட்டில் சேர்ந்தவற்றில் வரைபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. தொழிற்சாலையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே ஓடும். அந்தக் கீறல்கள் கண்ணாடியின் வலிமையைக் குறைக்கும். அதனால் சூடாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் மெல்லிய ஆக்சைடு பூச்சு ஒன்றைப் படியவைக்கிறார்கள். பெரும்பாலும் வெள்ளீய ஆக்சைடு. ஆறிய பிறகு அதன்மேல் வழுக்கலுக்காக இன்னொரு பூச்சைத் தெளிக்கிறார்கள். இரண்டாவது பூச்சு பல நேரம் பாலிஎதிலீன். பிளாஸ்டிக் பை செய்யும் அதே பொருள், எந்தப் பசையும் எளிதில் ஒட்டாத பொருள். புத்தம்புது பாட்டிலில் பெயிண்ட் வழுக்கிக்கொண்டு திட்டுத் திட்டாக நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம். வெறும் சோப்பு நீருக்கு பாலிஎதிலீன் கரையாது. வரையும் இடத்தை நுண்ணிய உப்புத்தாள் கொண்டு தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்ப்பது உதவும். பளபளப்பு சற்று மங்கும், பிடிப்பு கூடும். பெயிண்ட் மூடப்போகிற பகுதியில் பளபளப்பு போனால் நஷ்டமில்லை.

இனி பெயிண்டின் பக்கம் வருவோம். பரிசுப் பொருள் செய்பவர்கள் கையில் இன்று அதிகம் இருப்பது அக்ரிலிக். நீரில் கலக்கும் ஓவிய அக்ரிலிக்கை 1955-இல் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹென்றி லெவிசன் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூற்றாண்டுகள் பார்த்த எண்ணெய் வண்ணத்தோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த பிள்ளை. அக்ரிலிக் நீரில் கரைந்த கரைசல் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாலைப் போன்ற பால்மம். ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பாலிமர் உருண்டைகள் நீரில் மிதக்கின்றன. கூடவே நிறமித் துகள்கள். நீர் ஆவியாகும்போது உருண்டைகள் நெருங்கி, இடித்துக்கொண்டு, நசுங்கி, இடைவெளி இல்லாமல் பொருந்துகின்றன. பிறகு ஓர் உருண்டையின் பாலிமர் சங்கிலிகள் எல்லை தாண்டி அடுத்த உருண்டைக்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. முதல் கட்டம் நிமிடங்களில் முடியும். கடைசிக் கட்டத்துக்கு நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும் படம் உள்ளே இன்னும் முழுப் படலமாக ஆகியிருக்காது. இரவு வரைந்து காலையில் கழுவுவது அந்தப் பின்னலைப் பாதியில் அறுப்பதுதான்.

சாதாரண ஓவிய அக்ரிலிக் கண்ணாடியில் எப்படித் தோற்கிறது என்பதை நேரிலேயே பார்க்கலாம். வரைந்து ஒரு வாரம் உலரவிட்ட டம்ளரை இளஞ்சூடான தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கழித்து ஓர் ஓரத்தை நகத்தால் தூக்குங்கள். நிறம் கரையாது, பொடியாகவும் உதிராது. முழுதாக, ஒரே தோலாகக் கழன்று வரும். படலம் தன்னளவில் உறுதியாகவே இருக்கிறது. விட்டுக்கொடுத்தது அடியில் உள்ள ஒட்டு. நீர் மூலக்கூறுகள் படலத்தின் ஊடாகவும் ஓரங்கள் வழியாகவும் புகுந்து சிலனால்களை அடைகின்றன. அக்ரிலிக்கைவிட நீரோடு உறவாடவே சிலனாலுக்கு விருப்பம் அதிகம். அந்த இடத்தை நீர் எடுத்துக்கொண்டதும் பெயிண்ட் வெளியேற வேண்டியதுதான்.

கண்ணாடிக்கென்றே விற்கும் வண்ணங்கள் இந்தப் போட்டியில் நீரை வெல்லத்தான் உருவானவை. கண்ணாடியும் கரிமப் பொருளும் சேரவேண்டிய இடங்களில் வேதியியலார் பயன்படுத்தும் பெரிய ஆயுதம் சிலேன் என்ற மூலக்கூறு வகை. ஃபைபர் கிளாஸ் படகும் தண்ணீர்த் தொட்டியும் வெயிலிலும் மழையிலும் பிரியாமல் இருப்பது இதனால்தான். அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனை கண்ணாடியின் சிலனாலோடு வினைபுரிந்து, ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றிவிட்டு, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் என்ற நேரடிப் பிணைப்பாக மாறுகிறது. கண்ணாடியைக் கண்ணாடியாக வைத்திருக்கும் அதே பிணைப்பு. மறுமுனை பாலிமரைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட பிணைப்பு உண்டான பிறகு தண்ணீருக்கு அங்கே இடமில்லை, குறைந்தபட்சம் எளிதில் இல்லை.

இந்த வகைப் பிணைப்பு நிறைவேற நீரை விரட்ட வேண்டும். அதனால்தான் பல கண்ணாடி வண்ணங்களைச் சூளையில் வைக்கச் சொல்கிறார்கள். சூளை என்றால் வீட்டு ஓடிஜி போதும். தயாரிப்பைப் பொறுத்து 160 முதல் 175°C, அரை மணி அல்லது 40 நிமிடம். அந்தச் சூட்டில் இடைப்பரப்பில் ஒளிந்திருந்த ஈரம் வெளியேறுகிறது, பாலிமர் இளகி மேலும் நெருங்குகிறது, குறுக்குப் பிணைப்புகள் உருவாகின்றன. சூடேற்ற வசதியில்லாதவர்கள் 21 நாள் காற்றில் உலரவிடலாம் என்று சில டப்பாக்களில் போட்டிருக்கும். அது உண்மைதான், ஆனால் சூளையில் வைத்ததன் உறுதி அதற்கு வராது. டப்பாவில் எழுதியுள்ள வெப்பநிலையையும் நேரத்தையும் அப்படியே பின்பற்றுங்கள். சூடு குறைந்தால் பிணைப்பு உருவாகாது, கூடினால் வெள்ளை பழுத்து மஞ்சளாகிவிடும்.

டம்ளரை ஓடிஜி குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்துவிட்டுப் பிறகுதான் சூடேற்ற வேண்டும். நேரம் முடிந்ததும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். ஒரு பக்கம் சூடேறி விரிந்து மறுபக்கம் குளிர்ந்தே இருந்தால் நடுவில் இழுவிசை உண்டாகிறது. அழுத்தினால் தாங்கும் கண்ணாடி, இழுத்தால் தாங்காது. சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரிகிறது. ஆய்வகக் குடுவை செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியில் அது 3 பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அடுப்பில் வைக்கும் பாத்திரங்கள் போரோசிலிகேட்டில் வருவதன் காரணம் அந்த வித்தியாசம். பழைய டம்ளரில் ஏற்கெனவே நுண்கீறல் இருந்தால் விரிசல் அங்கிருந்து தொடங்கும். வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

160°C என்பது கண்ணாடிக்கு ஒன்றுமே இல்லை. நிறம் கண்ணாடியோடு கண்ணாடியாகவே ஆகிவிட வேண்டும் என்றால் 600°C-ஐ ஒட்டிப் போக வேண்டும். அதுதான் எனாமல். குறைந்த சூட்டில் உருகும் ஒரு கண்ணாடியைப் பொடித்து, நிறத்துக்கு உலோக ஆக்சைடு சேர்த்து, குழைத்து வரைந்து சூளையில் சுட்டால் பொடி உருகி அடிக்கண்ணாடியோடு ஒன்றிவிடும். கோபால்ட் நீலம் தரும், தாமிரம் பச்சை தரும், இரும்பு செம்மை தரும், வெள்ளீய ஆக்சைடு ஒளி புகாத வெண்மை தரும். எனாமல் உருக வேண்டும், டம்ளர் வளையக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகியது. இரண்டும் ஆறும்போது ஒரே அளவு சுருங்கவும் வேண்டும், இல்லையென்றால் நிறம் வெடித்து உதிரும்.

இந்தக் கலையில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் சிரியா, எகிப்து கைவினைஞர்களை மிஞ்ச ஆளில்லை. மம்லூக் ஆட்சிக்காலத்தில் கெய்ரோவின் மசூதிகளுக்காக அவர்கள் செய்த கண்ணாடி விளக்குகளில் நீலமும் சிவப்பும் வெள்ளையும் எனாமலாகச் சுடப்பட்டு, பொன்பூச்சும் பூசப்பட்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில், கொடையளித்த சுல்தானின் அல்லது அமீரின் பெயர் பெரிய அழகெழுத்தில் இருக்கிறது. சில விளக்குகளில் அமீர் வகித்த பதவியின் சின்னமும் உண்டு. அரசருக்குப் பானம் பரிமாறும் அதிகாரியாக இருந்தவருக்குக் கிண்ணம். பெயர் எழுதிய கண்ணாடிக் கொடை என்ற பழக்கத்துக்கு 700 வருடத்துக்குக் குறையாத வயது. சுல்தான் ஹசனின் பெயரைத் தாங்கிய விளக்குகளில் அந்த எழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது.

அதே 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் தேவாலய ஜன்னல்களில் இன்னொரு முறை பரவியது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேதியியல் அதுதான். வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணோடு குழைத்துக் கண்ணாடியில் பூசிச் சுடுவார்கள். வெள்ளி அயனிகள் கண்ணாடிக்குள்ளேயே நுழைந்து அங்கிருக்கும் சோடியம் அயனிகளின் இடத்தைப் பிடிக்கும். உள்ளே போன வெள்ளி நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் திரண்டு நீல ஒளியை விழுங்கும்; கண்ணாடி மஞ்சளாக ஒளிரும். ஆறிய பின் மேலே இருக்கும் களிமண்ணைத் துடைத்து எறிந்துவிடுவார்கள். நிறம் உள்ளே இருக்கிறது. அங்கே ஒட்டும் கிடையாது, உரிவதும் கிடையாது.

குடிக்கும் பாத்திரத்தில் வரையும்போது உறுதியோடு இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். பழைய எனாமல்களை எளிதில் உருகவைத்தது ஈய ஆக்சைடு. பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்குக் காட்மியம் பயன்பட்டது. 2010 ஜூனில் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ஷ்ரெக் படக் கதாபாத்திரங்கள் அச்சிட்ட 1 கோடியே 20 லட்சம் கண்ணாடி டம்ளர்களைத் திரும்பப் பெற்றது. காரணம், வெளிப்புற வண்ணத்தில் இருந்த காட்மியம். குழந்தைகள் கையில் பட்டு அது வாய்க்குப் போய்விடும் என்ற கவலை. டப்பாவில் ‘நச்சற்றது’ என்று அச்சிட்டிருந்தால் அது வரைபவருக்கான உத்தரவாதம். உணவும் உதடும் தினமும் படும் பரப்புக்கு ஏற்றது என்பது வேறு சோதனை, வேறு சான்று. அதனால் உட்புறத்தில் வரையவே கூடாது. வெளிப்புறத்திலும் விளிம்பிலிருந்து 20 மி.மீ. வெறுமையாக விட வேண்டும். அமெரிக்கச் சோதனை முறை உதடு படும் பகுதியாகக் கணக்கிடுவது அந்த அளவைத்தான். தட்டு என்றால் அடிப்புறத்தில் வரையுங்கள்.

கேன்வாஸ் இதற்கெல்லாம் நேர்மாறு. பருத்தியும் ஆளி நாரும் செல்லுலோஸ். பாவும் ஊடையுமாகப் பின்னிய துணியில் பெயிண்ட் நுழைந்து சுற்றிக்கொள்ள ஆயிரம் இடுக்குகள். இங்கே சிக்கலே வேறு: அதிகமாக உறிஞ்சிவிடும். வெறும் துணியில் ஆளிவிதை எண்ணெய் வண்ணம் தீட்டினால் எண்ணெய் துணிக்குள் இறங்கிவிடும். அது நீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. அந்த வினையில் உருவாகும் அமிலங்கள் செல்லுலோஸை மெல்ல அரித்துத் துணியைப் பொடியாக்கும். துணிக்கும் வண்ணத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு அதனால்தான் தேவைப்பட்டது. அன்று விலங்குப் பசை. இன்று ஜெஸ்ஸோ என்று விற்கும் அக்ரிலிக் வெள்ளை. அதில் உள்ள சுண்ணாம்புக்கல் தூள் பரப்புக்குச் சொரசொரப்பு தருகிறது, டைட்டானியம் டை ஆக்சைடு வெண்மை தருகிறது. கடையில் கேன்வாஸ் வாங்கும்போது வெள்ளையாக இருப்பது அந்தப் பூச்சுதான். விலை குறைந்தவற்றில் அது மெலிதாக இருக்கும். மேலே இன்னொரு கை ஜெஸ்ஸோ அடித்து, உலர்ந்த பின் உப்புத்தாளால் தடவினால் படம் தெளிவாக வரும்.

தஞ்சாவூர் ஓவியர்கள் இதே அறிவைத் தங்கள் வழியில் கண்டடைந்தார்கள். பலகையின் மேல் துணி, துணியின் மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்த பூச்சு, அதைத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே கோடு. துணியை ஒட்டப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. அந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்பதை வேதியியல் பார்வையில் சொல்லியாக வேண்டும். புளியங்கொட்டைப் பருப்பில் பெருமளவு இருப்பது சைலோகுளூக்கன். அதன் முதுகெலும்புச் சங்கிலி, செல்லுலோஸ் சங்கிலியைப் போலவே குளுக்கோஸ் அலகுகள் அதே முறையில் கோத்தது. ஆகவே பருத்தி இழையின் மேல் அது இயல்பாகப் படிந்து, விடாமல் பற்றிக்கொள்ளும். செடிகளின் செல்சுவரிலேயே செல்லுலோஸ் இழைகளோடு சைலோகுளூக்கன் இப்படித்தான் ஒட்டி இருக்கிறது. நெசவாலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போட இன்றும் புளியங்கொட்டை மாவு பயன்படுகிறது.

தஞ்சாவூரிலேயே கண்ணாடி ஓவியமும் வளர்ந்தது. கண்ணாடியின் பின்புறம் வரைந்து முன்புறமிருந்து பார்க்கும் இந்த முறை சீன வணிகத்தின் வழியாக 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தில் (1798–1832) ஆதரவு பெற்றுச் செழித்தது. வரைவதன் வரிசையே தலைகீழ். நகையின் மணிக்கோடு, கண்ணின் கருமணி, புருவம் எல்லாம் முதலில். பிறகு மேனியின் நிறம், பிறகு உடை, கடைசியில் பின்னணி. முதலில் வைத்த கோட்டை இனி மேலே தீட்டித் திருத்த முடியாது. இடம் வலம் மாறும்; அபயம் காட்டும் கை எது என்பதை வரையும்போதே கணக்கிட வேண்டும். பரிசுக்காகக் கண்ணாடியின் பின்புறம் பெயர் எழுதுபவர்களுக்கும் இதே கதிதான். பெயரை மெல்லிய காகிதத்தில் நேராக எழுதி, காகிதத்தைத் திருப்பி, கண்ணாடிக்கு அடியில் ஒட்டிவைத்துக்கொண்டு அதன்மேல் எழுதினால் கொம்பும் சுழியும் பிசகாது.

இந்த ஓவியங்களின் நிறம் ஏன் அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது? ஆற்றுக் கூழாங்கல் நனைந்திருக்கும்போது கருமையும் செம்மையும் பளிச்சிட, காய்ந்ததும் வெளிறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் வெள்ளொளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து, நிறத்தின் மேல் ஒரு வெண்மூட்டத்தைப் போர்த்துகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் தீட்டிய வண்ணத்துக்கு அந்தச் சிதறல் இல்லை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, வண்ணத்தைப் பிணைக்கும் ஊடகத்தின் எண் 1.5-ஐ ஒட்டியது. ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறக்குறைய தடையே இல்லாமல் நுழைகிறது. முன்பக்கம் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் மட்டும் சுமார் 4 சதவீதம் திரும்புகிறது. அது ஒரே திசையில் திரும்புவதால் பளபளப்பாகத் தெரிகிறதே தவிர நிறத்தை வெளுக்கச் செய்வதில்லை.

ஒட்டு விடுவதையும் இதே இயற்பியல் காட்டிக்கொடுக்கிறது. பின்னால் வண்ணம் கண்ணாடியை விட்டு இம்மியளவு பிரிந்தாலும் நடுவே காற்று புகுந்துவிடும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. அந்த இடத்தில் ஒளி திரும்பிச் சிதறத் தொடங்கும். முன்னிருந்து பார்த்தால் வெளிறிய திட்டு தெரியும். பூஜையறையில் தலைமுறையாக இருக்கும் கண்ணாடிப் படத்தில் இப்படித் திட்டு தோன்றினால் அழுக்கு என்று நினைத்துச் சட்டத்தைக் கழற்றிப் பின்புறத்தைத் துடைத்துவிடாதீர்கள். அங்கே இருப்பது பிடியை இழந்த வண்ணம். துணி பட்டால் கையோடு வந்துவிடும். பழைய கண்ணாடி ஓவியங்களில் எவ்வளவோ இப்படி நல்ல எண்ணத்தோடு துடைத்தே அழிகின்றன. சட்டத்தை அப்படியே வைத்து, பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோவதுதான் வழி.

நிறம் பரப்பில் நின்றுவிட்டாலும் ஒளி அதைத் தின்னக்கூடும். வான்கோ 1888-இல் வரைந்த ‘படுக்கையறை’ ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாக இருக்கின்றன. அவற்றை வெளிர் ஊதா என்று தம் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஊதாவுக்காகச் சேர்த்த சிவப்பு வெளிச்சத்தில் மங்கிப்போக, நீலம் தனித்துவிட்டது. சில கண்ணாடி வண்ணங்கள் ஒளி ஊடுருவ வேண்டும் என்பதற்காக நிறமிக்குப் பதில் சாயத்தால் நிறம் பெறுகின்றன. சாயம் தனித்தனி மூலக்கூறாகக் கரைந்திருப்பதால் புறஊதாக் கதிருக்கு எளிதில் இரையாகும். ஜன்னலோரம் வைக்கப்போகும் பாட்டிலுக்கு, டியூபில் ஒளித்தாங்கு தரம் குறிப்பிட்டிருக்கும் நிறமி வண்ணமே நல்லது. இரும்பு ஆக்சைடு செம்மண் நிறங்களுக்கும் தாலோ நீலத்துக்கும் வெயிலைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை.

வரைந்து முடித்து அனுப்பும்போது நேரும் சேதம் ஒன்றைத் தவிர்க்கலாம். அக்ரிலிக் பாலிமருக்கு ஒரு மாற்ற வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே கெட்டியாக, உடையும் தன்மையோடு இருக்கும்; அதற்கு மேலே ரப்பர்போல இளகும். ஓவிய அக்ரிலிக்குக்கு அது குளிர்ந்த அறையின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கிறது. ஆகவே நம் ஊர்க் கோடையில் கேன்வாஸின் மேற்பரப்பு எப்போதும் சற்று இளகியே இருக்கும். அதன்மேல் நேரடியாக பபுள் ராப் சுற்றி கூரியரில் போட்டால், வேன் சூட்டில் குமிழிகளின் வட்டங்கள் படத்தில் வரிசையாகப் பதிந்துவிடும்; பிறகு போகாது. சிலிகான் பூசிய பேக்கிங் தாளை முதலில் சுற்றி, அட்டை வைத்து, அதற்கு மேலே பபுள் ராப். ஒரு படத்தின் முகத்தோடு இன்னொன்றை அடுக்கக் கூடாது.

பரிசோடு ஒரு சிறு சீட்டும் வையுங்கள். டம்ளரை ஊறவைக்காமல், மென்மையான பஞ்சால், இளஞ்சூட்டுக்கு மேல் போகாத தண்ணீரில் கழுவச் சொல்லி எழுதுங்கள். சபீனா தூளும் கம்பி நாரும் வேண்டாம். தூளில் உள்ள தாதுத் துகள்களுக்கு முன் பாலிமர் படலம் மிக மென்மையானது. பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். சூடும் காரமும் நீண்ட நேரமும் சேர்ந்தால் சிலேன் பிணைப்பும் நாளடைவில் தளரும். கேன்வாஸாக இருந்தால், எந்த வகை வண்ணம், எந்த வார்னிஷ், எந்தத் தேதி என்பதைப் பின்புறச் சட்டத்தின் மரத்தில் எழுதுங்கள். துணியில் எழுதினால் மை ஊறி முன்னே வரும். அந்த விவரம் பின்னாளில் படத்தைச் சுத்தம் செய்பவருக்கு வேண்டும். நன்கு முதிர்ந்த எண்ணெய் வண்ணம் தாங்கிக்கொள்ளும் ஆல்கஹாலில் அக்ரிலிக் இளகிவிடும். எதை எதனால் துடைக்கலாம் என்பதை அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவர் முடிவுசெய்வார்.